எம்எஸ் இருந்தால் கேன்சரும் வருமா? தக்கலையிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய தங்கைக்கு 34 வயது. எம்எஸ் என்று நாம் சொல்லும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் இருப்பது தெரிந்து ஆறு வருடமாகிறது, நாலு வருடமாக ஃபிங்கோலிமோட் மாத்திரை சாப்பிடுகிறார். இவர்களுடைய சித்தி (அம்மாவின் தங்கை) ஒருவர் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். இப்போது சொந்தக்காரர் ஒருவர் வந்து, "இது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை, அப்புறம் கேன்சர் வராமல் இருக்குமா" என்று கேட்டுவிட்டுப் போக, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதாம். எம்எஸ்ஸால் கேன்சர் வருமா, மாத்திரையால் வருமா, கதிர் வருகிறது என்று சொல்லப்படும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை, நரம்பியல் வார்டில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ். எம்எஸ் நோயாளிகளுக்கு மருந்து ஏற்றுவதும், சிறுநீர் டியூப் மாற்றுவதும், வீட்டுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்வதும்தான் என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தோடு, இதைப் பற்றி நடந்த ஆய்வுகளில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃபிங்கோலிமோட் செய்யும் வேலை என்னவென்றால், நரம்பைத் தாக்கக்கூடிய வெள்ளையணுக்களை நிணநீர்க் கணுக்களுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வது. மாத்திரை நின்றதும் அவை மொத்தமாக வெளியே வரும், சிலருக்கு நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பி அடிக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 நவம்பரில் இதற்கென்றே தனி எச்சரிக்கை விட்டது. நிறுத்திய 2 முதல் 24 வாரத்துக்குள், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்துக்குள் இப்படி ஆனதாகவும், நடந்துகொண்டிருந்த சிலர் சக்கர நாற்காலிக்குப் போனதாகவும், படுக்கையில் விழுந்ததாகவும் அதில் இருக்கிறது. மருந்தை மாற்ற வேண்டியிருந்தால் அதை நரம்பியல் டாக்டர் திட்டம் போட்டு, அடுத்த மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் செய்வார். என்றோ வரலாம் என்ற ஒன்றுக்குப் பயந்து, சில வாரத்தில் வரக்கூடிய ஆபத்தை வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம்.

சரி, இனி கேள்விக்கு வருகிறேன்.

எம்எஸ் புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுகிற நோயும் இல்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளைச் சுற்றி, கரண்ட் வயருக்கு மேலே இருக்கும் உறை மாதிரி மயலின் என்று ஒரு உறை இருக்கிறது. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே அதைத் தாக்கிப் புண்ணாக்குவதுதான் எம்எஸ். ஆனால் நம் ஊரில் இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் ரிட்டுக்ஸிமேப் என்ற மருந்தை ஏற்றுவதற்கு நோயாளியைப் பல ஆஸ்பத்திரிகளில் கீமோ வார்டுக்குத்தான் அனுப்புகிறார்கள், ஏனென்றால் அந்த ஊசி நிணநீர்ப் புற்றுநோய்க்கும் போடுகிற மருந்து. பக்கத்துக் கட்டிலில் தலைமுடி கொட்டிய ஒருவர் படுத்திருப்பார், பார்க்க வந்த மாமி அதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் "பிள்ளைக்குக் கேன்சராம், நம்மகிட்ட மறைக்கிறாவ" என்று சொல்லிவிடுவார். கல்யாணம் ஆகாத பெண்களின் வீடுகளில் இது எவ்வளவு பெரிய துயரமாகியிருக்கிறது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொரு குழப்பம் ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும். எம்எஸ் தழும்பு சில சமயம் 2 சென்டிமீட்டருக்கும் மேலே பெரிதாகி, பார்ப்பதற்குக் கட்டி மாதிரியே இருக்கும், அதை ட்யூமெஃபாக்டிவ் என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லில் ட்யூமர் என்று கேட்டவுடனே குடும்பமே உடைந்துபோகும். கட்டியைப் போலத் தோன்றுகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். சந்தேகம் தீராவிட்டால் டாக்டர்கள் மறுபடி ஸ்கேன் எடுத்தோ, சிறிது திசு எடுத்துப் பார்த்தோ முடிவு செய்வார்கள்.

எம்எஸ் உள்ளவர்களுக்கு மொத்தத்தில் புற்றுநோய் அதிகமா என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததில் பெரியது பிரான்சில் நடந்தது. எம்எஸ் உள்ள 1,40,649 பேரையும், அதே வயது, அதே பாலினத்தில் எம்எஸ் இல்லாத 5,62,596 பேரையும் 2012 முதல் 2021 வரை ஒப்பிட்டார்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் எம்எஸ் உள்ளவர்களில் 799 பேருக்கும், இல்லாதவர்களில் 736 பேருக்கும் புற்றுநோய். புள்ளிவிவர முறைப்படி ஆய்வாளர்கள் கணக்கிட்ட வித்தியாசம் 6 சதவீதம்தான். நார்வேயில் 6,883 எம்எஸ் நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் அது 14 சதவீதமாக இருந்தது. எண்ணிக்கை நாட்டுக்கு நாடு மாறும், நம் ஊரில் வரும் புற்றுநோய்களின் கலவையும் வேறு. ஆனாலும் எம்எஸ் வந்துவிட்டால் கேன்சரும் வந்தே தீரும் என்று சொல்ல இதில் எதுவுமே இல்லை.

மொத்தக் கணக்கை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடவும் கூடாது. அதே பிரான்ஸ் ஆய்வில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் 71 சதவீதம் அதிகம், மூளைக்கட்டி 68 சதவீதம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 24 சதவீதம். மறுபக்கம் ஆண்களின் புரோஸ்டேட் 20 சதவீதமும், குடல் 10 சதவீதமும், மார்பகம் 9 சதவீதமும் குறைவு.

மூளைக்கட்டிக்கு ஒரு எளிய காரணத்தை ஆய்வாளர்களே சொல்கிறார்கள். எம்எஸ் உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ திரும்பத் திரும்ப எடுக்கிறோம், மற்றவர்களுக்குக் கண்ணிலேயே படாமல் போயிருக்கும் சின்னக் கட்டி இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. "இத்தனை தடவை ஸ்கேன் எடுத்ததால்தான் வந்தது" என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. எம்ஆர்ஐ காந்தத்தில் ஓடுகிற மெஷின், எக்ஸ்ரே, சிடி ஸ்கேனில் இருக்கிற கதிர் அதில் கிடையாது.

சிறுநீர்ப்பையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இதைத்தான் நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. எம்எஸ்ஸில் சிறுநீர்ப்பை நரம்பு கெட்டுப்போவது ரொம்ப சகஜம். சிலருக்கு அவசரமாக வரும், அடக்க முடியாது. சிலருக்கு முழுதாகப் போகாது, உள்ளே தேங்கும். தேங்கினால் கிருமி, கிருமி வந்தால் நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஐந்து நாள் ஆன்டிபயாடிக், அடுத்த மாதம் மறுபடி அதே கதை. நடக்க முடியாத நிலை வந்தவர்களுக்கு டியூப் போட்டுப் பையை மாட்டிவிட்டால் வருடக்கணக்கில் அது அப்படியே இருக்கும். இப்படிச் சிறுநீர்ப்பையின் உட்சுவர் வருடக்கணக்கில் உரசலிலும் கிருமியிலும் புண்பட்டுக்கொண்டே இருந்தால் அங்கே புற்றுநோய்க்கு வழி பிறக்கிறது. இதோடு பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து பல மடங்கு ஏறும். எம்எஸ்ஸுக்காக எப்போதாவது சைக்ளோபாஸ்பமைட் ஏற்றியிருந்தாலும் அப்படித்தான், அந்த மருந்து உடைந்து உண்டாகும் ஒரு பொருள் சிறுநீர்ப்பையைத் தாக்கக்கூடியது.

அதனால் என் வேண்டுகோள் இது. முடிந்தவர்கள் நிரந்தர டியூபுக்குப் பதிலாக, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்ன டியூபைத் தாங்களே போட்டு எடுத்துக்கொள்ளும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். கையை நன்றாகக் கழுவி, கண்ணாடி வைத்து, பெண்கள்கூட இரண்டு மூன்று நாளில் பழகிவிடுவார்கள், என் கண் முன்னால் 60 வயது தாண்டிய அம்மாக்கள் பழகியிருக்கிறார்கள். இதனால் கிருமியும் குறையும், பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற சங்கடமும் இருக்காது. அப்புறம், சிறுநீரில் ரத்தம் போனால், அதுவும் வலியே இல்லாமல் போனால், "டியூப் உரசியிருக்கும்", "சூடு பிடித்திருக்கும்" என்று இளநீர் குடித்துவிட்டு இருக்காதீர்கள். ஒரு தடவை போய் நின்றுவிட்டாலும் யூராலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும். கேமரா வைத்து உள்ளே பார்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. பல வருடமாக டியூபோடு இருப்பவர்கள், ரத்தம் போகாவிட்டாலும், இந்தச் சோதனை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வேண்டும் என்று அந்த டாக்டரிடம் கேட்டுவைப்பது நல்லது.

இனி மருந்துகள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து எல்லாமே கேன்சரைக் கொண்டுவரும் என்பது உண்மையில்லை, மருந்துக்கு மருந்து வித்தியாசம் பெரிது. இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர் ஊசிகள் ரொம்ப வருடமாகப் புழக்கத்தில் இருக்கின்றன, அவற்றால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ரிட்டுக்ஸிமேப் போட்டவர்களை ஸ்வீடனில் கவனித்தார்கள், பொது மக்களைவிட அவர்களுக்குப் புற்றுநோய் அதிகமில்லை என்றுதான் வந்தது. நம் ஊரில் விலை காரணமாக இந்த மருந்தை நம்பியே நிறையப் பேர் இருப்பதால் இது எனக்கு ஆறுதலான செய்தி. ஓக்ரெலிஸுமேப் என்ற எம்எஸ் மருந்தின் சோதனைகளில் அந்த மருந்து எடுத்த 781 பெண்களில் 6 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, ஒப்பீட்டுக் குழுவின் 668 பெண்களில் யாருக்கும் வரவில்லை. அதனால் அப்போது பெரிய கவலை எழுந்தது. பிறகு பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் பொதுவாகப் பெண்களுக்கு வரும் அளவைத் தாண்டவில்லை, ஆனாலும் மார்பகப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். கிளாட்ரிபின் மாத்திரையை இப்போது புற்றுநோய் இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. அசாதையோபிரின் பத்து வருடத்துக்கு மேல் ஓடினால் தோல், நிணநீர்ப் புற்றுநோய்களை மனதில் வைத்திருக்க வேண்டும்.

உண்மையாகவே கவலைப்பட வைக்கிற மருந்து மைட்டோசேன்ட்ரோன். நீல நிறத்தில் இருக்கும், ஏற்றிய மறுநாள் சிறுநீர்கூட நீலப்பச்சையாகப் போகும், அதை வைத்தே பலர் ஞாபகம் வைத்திருப்பார்கள். அது எடுத்தவர்களில் ஏறக்குறைய 0.8 சதவீதம் பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருக்கிறது, மருந்தை நிறுத்திச் சில வருடம் கழித்தும் வரலாம். இப்போது இதை அபூர்வமாகத்தான் கொடுக்கிறார்கள், முன்பு எடுத்தவர்கள் ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் தங்கை சாப்பிடும் ஃபிங்கோலிமோடில் கவனிக்க வேண்டியது தோலும் கர்ப்பப்பை வாயும். தோல் புற்றுநோய், முக்கியமாக பேசல் செல் என்ற வகை, இந்த மாத்திரையில் கூடுதலாக வருகிறது. வெள்ளைக்காரர்களைவிட நம் நிறத்துக்கு அது குறைவுதான், நம்மவர்களுக்கு வரும் மெலனோமா என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோய் வெயில் படும் இடத்தைவிட உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வருவதே அதிகம். எம்எஸ்ஸில் கால் மரத்துப்போனவர்களுக்கு உள்ளங்காலில் என்ன இருந்தாலும் தெரியாது, குனிந்து பார்க்கவும் முடியாது. வாரத்தில் ஒரு நாள், குளித்து முடித்ததும், வீட்டில் யாராவது அந்தக் காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கறுப்பாகப் பரவுகிற மச்சம், ஆறாத புண், நகத்தில் நீளவாக்கில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு, இதெல்லாம் கண்ணில் பட்டால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். எதுவுமே தென்படாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஹெச்பிவி என்ற வைரஸால் வருவது, எதிர்ப்பு குறைந்த உடம்பில் அந்த வைரஸ் விலகாமல் ஒட்டிக்கொள்ளும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்தப் பரிசோதனை இலவசம். உங்கள் தங்கைக்கு 34 வயது, இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே எடுத்துவிடுங்கள், இந்த மாத்திரையில் இருப்பதைச் சொல்லி, அடுத்தது எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெச்பிவி தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் எம்எஸ் உள்ளவர்களும் போடலாம். வீரியமான மருந்து தொடங்குவதற்கு முன்னால் போட்டால் பலன் அதிகம், புதிதாக எம்எஸ் என்று தெரிந்த இளம்பெண்கள் வீட்டில் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், பல வருடமாக என் மனதில் கிடக்கிற விஷயம். தொடை இறுகிப்போய் காலை அகட்ட முடியாத பெண்களை, "இவங்களுக்கு டெஸ்ட் எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். எடுக்க முடியும். இறுக்கம் தளர்த்தும் பாக்ளோஃபென் மாத்திரையை நேரம் பார்த்து முன்கூட்டியே கொடுத்து, மல்லாக்கப் படுக்க வைக்காமல் இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, மேல் காலை ஒருவர் மெதுவாகத் தாங்கிக்கொண்டால் போதும். கூடப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். எம்எஸ் உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு, வயது ஏற ஏற அவர்கள் பரிசோதனைக்கே வருவதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த பிரான்ஸ் ஆய்வு செய்தவர்களும் சொல்கிறார்கள். வராததற்குக் காரணம் படிக்கட்டும், நிற்கவைத்து எடுக்கிற மெஷினும், கூட வர ஆள் இல்லாததும்தான் என்று நான் நினைக்கிறேன்.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது என்பது உங்கள் இருவருக்குமே பொருந்தும், எம்எஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சித்திக்கு என்ன வயதில் வந்தது, அம்மா வழியில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்ததா என்று வீட்டில் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். 50 வயதுக்கு முன்னால் வந்திருந்தால் பரிசோதனையைச் சீக்கிரம் தொடங்கச் சொல்லலாம்.

மணல் விஷயம். மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கத்து மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம், அதிலிருந்து கதிர் வருவது உண்மைதான். இதே மாதிரி மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது, ஆனால் கதிர் அதிகமுள்ள இடத்தில் வாழ்ந்ததால் அது கூடியதாக வரவில்லை. அதை வைத்து நம் கரையில் எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை, மணல் அள்ளுவதால் கடலோரத்து மக்கள் படுகிற கஷ்டம் பெரிய விஷயம். உங்கள் தங்கையின் மாத்திரையை நிறுத்துவதற்கு மட்டும் அது காரணமாகாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. எம்எஸ் இருக்கிறது என்று ஒருமுறை எழுதிவிட்டால், அப்புறம் உடம்பில் எது வந்தாலும் அதன் கணக்கில் போய்விடும். சோர்வா, எம்எஸ். எடை குறைகிறதா, சரியாகச் சாப்பிடவில்லை. மலச்சிக்கலா, எம்எஸ்தான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும், அதனால்தான் விதிவிலக்கு கண்ணுக்குத் தப்புகிறது. காரணமில்லாமல் எடை இறங்குவது, மலத்தில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, மார்பில் கட்டி, வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண் (வெற்றிலையோடு புகையிலை போடுகிற பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்) எதுவும் எம்எஸ்ஸின் அறிகுறி கிடையாது. டாக்டர் அவசரத்தில் இருந்தாலும் "இது எம்எஸ் இல்லாமல் வேறாக இருக்குமா" என்று நீங்கள் கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒருவேளை புற்றுநோய் வந்தேவிட்டாலும் எம்எஸ் இருப்பதால் சிகிச்சை முடியாது என்று இல்லை. ஆனால் இரண்டு டாக்டர்களும் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். பெம்ப்ரோலிஸுமேப் போன்ற, எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்புகிற புதிய புற்றுநோய் மருந்துகள் எம்எஸ்ஸையும் எழுப்பிவிடலாம். பாக்ளிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து போட்டால் காலில் வரும் மரமரப்பு எம்எஸ் திரும்பியது போலவே தோன்றும். நம் மாவட்டத்தில் சிக்கல் என்னவென்றால், நரம்புக்கு திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா, பெண்கள் டாக்டர் மார்த்தாண்டத்தில், யூராலஜி நாகர்கோவிலில், புற்றுநோய் என்றால் மறுபடி திருவனந்தபுரத்தில் ஆர்சிசி (மண்டலப் புற்றுநோய் மையம்), மருந்துச் சீட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிளாஸ்டிக் கவரில். எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள், முதல் பக்கத்தில் இதுவரை எடுத்த எம்எஸ் மருந்துகளின் பெயரும், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதும் இருக்கட்டும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் காட்டினாலும், களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போனாலும் அந்த ஒரு பக்கத்தைத்தான் டாக்டர் முதலில் தேடுவார்.

போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்எஸ்ஸும் சேர்க்கப்பட்டிருக்கிறது, அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் விண்ணப்பியுங்கள்.

தங்கை ஃபிங்கோலிமோடுக்கு முன்னால் இரண்டு வருடம் என்ன மருந்தில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்து, மைட்டோசேன்ட்ரோனோ சைக்ளோபாஸ்பமைடோ இருந்தால் அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். கடைசியாக எடுத்த ரத்த ரிப்போர்ட்டில் லிம்ஃபோசைட் (இந்த மாத்திரை பிடித்து வைக்கிற வெள்ளையணு) எண்ணிக்கை எவ்வளவு என்றும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.